பெயரில்லாத புகார்

செயற்கை இதயங்களின் கோளாறுகளைப் பதியும் தளத்தில் பழைய கணக்கு ஒன்றை நீக்கப்போன பியூலா, தவறுதலாக நாலாயிரம் பேரின் கணக்குகளையும் அழித்துவிட்டாள்.

மதியத்துக்குள் முந்தைய நாள் நகலிலிருந்து எல்லாரும் திரும்பிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் அன்று காலைதான் சேர்ந்திருந்தார். அவருடைய புகார் இருந்தது. பெயரும் எண்ணும் போய்விட்டன.

"ஆள் யாருன்னு தெரியாம எந்த இதயத்துக்கு மென்பொருள் திருத்தம் அனுப்புறது? சீக்கிரம் கண்டுபிடிங்க மேடம்," என்றார் மேலாளர் கதிரேசன்.

பியூலா புகாரைத் திறந்தாள்.

'படி ஏறினால் இதயம் நாலு நொடி நின்று பிறகு ஓடுகிறது. எங்கள் பி பிளாக்கில் மூன்று வாரமாக லிஃப்ட் இல்லை. வீடு ஐந்தாவது மாடி. வீட்டுக்குத் தகவல் அனுப்ப வேண்டாம். மனைவிக்குத் தெரிந்தால் தண்ணீர் கேனை அவளே தூக்குவாள்.'

உடனே போனை எடுத்துக் கணவர் சாமுவேலை அழைத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"மூணாவது மாடிகிட்ட. கேன்காரன் கீழயே வச்சுட்டுப் போயிட்டான். மேல போயிட்டுக் கூப்பிடறேன்."

"ஏறாதீங்க!"

அவள் கத்தியதில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவர் அதற்குள் போனை வைத்திருந்தார்.