பரீட்சை நாளில் வரும் ஜுரம்

ஜெயகுமாரி தள்ளிய வேகத்தில் பள்ளிக்கூட கேட் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

ஒரு கையில் மகள் கேசியாவின் மணிக்கட்டு. இன்னொரு கையில் ஜூஸ் ஃபேக்டரியில் தலைக்குப் போடும் பச்சைத் துணித்தொப்பி. ஷிஃப்டுக்குக் கிளம்பியவள், பாதி வழியில் மனசு கேட்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மாம்பழ சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் உள்ளே விட மாட்டார்கள். விடாவிட்டால் போகட்டும்.

இன்று ஸ்டேட் முழுக்கப் பரீட்சை. ஒரே நேரம், ஒரே வினாத்தாள், வட்டத்தைக் கருப்படிக்கிற ஷீட். பள்ளிக்கூடம் திறந்தும், தெலுங்குப் பிள்ளைகளுக்கு வந்துவிட்ட புதுப் புத்தகம் தமிழ் மீடியத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, பரீட்சை மட்டும் டாணென்று வந்துவிட்டது.

கேசியா வர வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் நேற்று அவளிடமே சொல்லி அனுப்பியிருந்தார். யாராவது கேட்டால் ஜுரம் என்று சொல்ல வேண்டுமாம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். போன மார்ச் பரீட்சைக்கு எதிர்வீட்டு சலீமுக்கும் இப்படித்தான் ஜுரம் வந்தது. வராத பிள்ளையின் மார்க் கணக்கில் சேராது, பள்ளிக்கூடத்தின் சராசரியும் இறங்காது. அன்று முழுக்க அவன் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தான். மக்குப் பிள்ளைக்குத்தான் இந்த ஜுரம் வரும் என்று ஜெயகுமாரியே சிரித்திருக்கிறாள்.

இப்போது அது அவள் வீட்டுக்கே வந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்பு. இத்தனை வருஷமாகப் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தாள். சர்ச்சில் வசனம் ஒப்பித்துப் பிரைஸ் வாங்குகிற பெண்ணைப் பற்றி வேறு என்ன நினைப்பது? பள்ளிக்கூடத்துக்கு வந்து விசாரிக்க அவளுக்கு எங்கே நேரம் இருந்தது? மாம்பழத்தின் பால் பட்டுப் பட்டு விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

நேற்று ராத்திரியே ஆத்திரத்தில் ஃபேக்டரி மேஸ்திரிக்கு போன் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து பெண்ணையும் பழம் வெட்டக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியும் விட்டாள். வயசு விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னான்.

ஆனாலும் ஒன்று பொறுக்கவில்லை. மக்கு என்று பெற்றவள் சொல்லலாம். இந்த ஆள் யார்? பரீட்சை எழுதவே விடாமல் துரத்த இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எழுதட்டும், எழுதிக் கோட்டை விடட்டும், அப்புறம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஜன்னல் வழியாக வகுப்பறை தெரிந்தது. முதல் பெஞ்சில் சலீம் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். ஜெயகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்குக்கூட உள்ளே இடம் இருக்கிறது. இவள் அவனுக்கும் கீழேயா?

ஹெட்மாஸ்டர் யதிராஜ் வராந்தாவுக்கு ஓடி வந்தார். தினமும் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர், நெற்றி நாமம் அதற்குள் வேர்வையில் கலைந்திருந்தது. மண்டல ஆபீசிலிருந்து பார்வையிட வந்தவர் உள்ளே இருப்பதாகக் கையைக் காட்டிக் கெஞ்சினார்.

“சலீம் எழுதறான், எம்பொண்ணு எழுதக் கூடாதா? இன்னா சார் நெனச்சிக்கினு கீற? மக்குன்னா எம்மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

“மக்கா? கேசியாவா?” யதிராஜுக்கு உண்மையிலேயே புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல சேதி சொல்கிறவரைப் போலச் சொன்னார். “இது ஆரம்ப டெஸ்டும்மா. இப்ப ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு. நடுவுல எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்ப்பாங்க. இவ இன்னிக்கே நூத்துக்கு நூறு வாங்கிட்டா நான் எங்கேர்ந்து ஏத்திக் காட்டறது? இன்னிக்கு சலீம் எழுதட்டும். மார்ச்ல அவனுக்கு ஜுரம், உங்க பொண்ணு ஃபர்ஸ்ட் பெஞ்ச்.”

ஏற்றிக் காட்டாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்துத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

பிள்ளைகள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பரீட்சை. அதற்குப் படித்த பிள்ளைதான் இடைஞ்சல். இதை எந்த ஊரில் போய்ச் சொல்லி அழுவது?

ஜெயகுமாரி கொண்டு வந்த கோபம் முழுக்க மக்கு என்ற ஒரு சொல்லுக்காகக் கொண்டு வந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். கேசியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் துளி ஆச்சரியம்கூட இல்லை.

“உனுக்கு முன்னயே தெரியுமாடி?”

கேசியா தலையாட்டினாள். “ஊட்லகூட சொல்லக் கூடாதுன்னு சார் சொன்னாரு. வெளிய தெரிஞ்சா ஸ்கூல மூடிடுவாங்களாம்.”

நேற்று சாயங்காலம் மக்கு, மக்கு என்று சொல்லிச் சொல்லி, விளக்குமாறு பிய்ந்துபோகிற வரைக்கும் ஜெயகுமாரி அவளை அடித்திருந்தாள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.