ஐயோ சார்

நீல ஹெல்மெட் போட்ட ஒரு மனுஷர் மேடைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்தாலும் நகர மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்ததும் புது மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இருக்காதா பின்னே? கல்யாணத்துக்கு முன்னால் போனில் பேசியபோது, மலை ஏறுவது, ஆற்றில் படகு விடுவது எல்லாம் தனக்கு அத்துப்படி என்று அளந்து வைத்திருந்தான். பல் டாக்டரான அவன் மனைவி அதை அப்படியே நம்பி, தேனிலவுக்கு மூன்று நாள் சாகசச் சுற்றுலாவில் இடம் பிடித்துவிட்டாள்.

உண்மையில் அவனுக்கு உயரமே ஆகாது. போன வாரம் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, இறங்கத் தெரியாமல் கால் வெடவெடக்க நின்றான். அவள் எட்டிப் பார்த்ததும், "சீலிங்ல விரிசல் இருக்கான்னு பார்க்கறேன்" என்று சமாளித்தான். அந்த பல்பு இன்னும் மாற்றப்படவில்லை.

இங்கே வந்தும் வாய்க்கொழுப்பு அடங்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், ஓரளவு பழகியவர்களுக்கு நீலம் என்றார்கள். இவனே கையை நீட்டி நீலத்தை வாங்கிக்கொண்டான். குட்டு உடைந்தால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

அந்த நேரத்தில்தான் தூணைக் கட்டிப்பிடித்த மகராசன் வந்து சேர்ந்தார்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த மனுஷரைப் பிய்த்தெடுத்துக் கொக்கியில் மாட்டித் தள்ளினார்கள். இந்தக் குன்றில் ஆரம்பித்த "ஐயோ அம்மா" அந்தக் குன்றில்தான் முடிந்தது. கையும் காலும் நாலு திசைக்குப் போயின. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையையும் மாட்டித் தள்ளிவிட்டார்கள். பயப்பட வேண்டும் என்று ஞாபகம் வருவதற்குள் அக்கரை வந்துவிட்டது.

மனைவி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவருக்கு 'ஐயோ சார்' என்று பெயர் வைத்ததே மாப்பிள்ளைதான். பெயருக்கு அவர் குறையே வைக்கவில்லை. கரையில் கட்டிக்கிடந்த படகிலிருந்தே தண்ணீரில் விழுந்தார். பாறை ஏறும்போது முழம் உயரம் ஏறிவிட்டு, மேலே போக லிஃப்ட் உண்டா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அவருக்கு அடுத்து மாப்பிள்ளை போனான். ஒவ்வொரு முறையும் ஜெயித்தான்.

கடைசி நாள் பாறை உச்சியிலிருந்து மடுவில் குதிக்க வேண்டும். கீழே பார்த்ததும் மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்தான். இந்தத் தடவை சிரிப்புகூட வரவில்லை. ஐயோ சார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, தனியா குதிக்க என்னால ஆகாது. கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கறீங்களா?"

மாப்பிள்ளையின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "பயப்படாதீங்க சார். நான் இருக்கேன்ல" என்று கையை நீட்டினான். அவர் உள்ளங்கை காய்த்துப்போய் மரக்கட்டை மாதிரி இருந்தது. அதைப் பற்றி யோசிப்பதற்குள் இருவரும் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் ராஜ்ஜியம்தான். தண்ணீர் ஜக்கைத் தூணாக்கிக் கட்டிப்பிடித்து ஐயோ சாரை நடித்துக் காட்டினான். மேசையே குலுங்கியது. ஐயோ சாரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவி மட்டும், "போதுங்க, பாவம் அவர்" என்றாள். உனக்கு இளகின மனசு என்று அவள் கன்னத்தைத் தட்டினான்.

பஸ் ஏறும்போதுதான் கூலிங் கிளாஸை மேடையில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஓடினான்.

பள்ளத்துக்கு நட்டநடுவே, கம்பியில் காலைப் பின்னித் தலைகீழாகத் தொங்கியபடி ஒருவர் கப்பியை முடுக்கிக்கொண்டிருந்தார். வாயில் சீட்டி வேறு. சாட்சாத் ஐயோ சார்.

இவனைப் பார்த்ததும் சீட்டி நின்றது. கை மாற்றிக் கை மாற்றி நிதானமாக மேடைக்கு வந்து சேர்ந்தார்.

"மாட்டிக்கிட்டேன். நான்தான் இங்க தலைமை வழிகாட்டி, தம்பி."

அப்படியானால் அந்தக் கத்தல், விழுந்தது எல்லாம்?

"அதுவும் டூட்டிதான். பயத்தை வெளிய சொல்லிக்க முடியாதவங்க யாராவது வந்தா, நான் முன்னாடி போய் அவங்களைவிட ரெண்டு மடங்கு பயந்துடுவேன். அவங்களுக்கு அவங்க பயம் மறந்துபோயிடும்."

பாறை உச்சியில் யார் கையை யார் பிடித்திருந்தார்கள் என்பது மாப்பிள்ளைக்கு இப்போதுதான் உறைத்தது. ஜக்கைக் கட்டிப்பிடித்ததும் கூடவே நினைவுக்கு வந்து, எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்தது.

"எனக்குப் பயம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? முதல் நாளே உங்க வீட்டம்மா தனியா வந்து சொன்னாங்க. 'ஸ்டூல்ல ஏறினதுக்கே அவருக்குக் கால் நடுங்குது. ஆனா அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது'ன்னு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். பஸ் கிளம்பியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுக்குப் போனதும் அந்த பல்பை நீ ஏறி மாத்திடு. நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கறேன்."