பூனைக்கு ஒரு ஹயர்

"இன்னும் கொஞ்சம் மெல்லப் போங்கோ தம்பி. பூனை கத்துது."

றொட்னி வானின் வேகத்தைக் குறைத்தான். ஏற்கெனவே ஒரு சைக்கிள்காரர் அவனை முந்திப் போயிருந்தார்.

சண்டை முடிந்து ஒரு வருடமாகியும் மன்னாரிலிருந்து விடத்தல்தீவுக்குப் போகிற வீதியில் தாரைவிடக் குழிதான் அதிகம். மற்ற நாளென்றால் அவனுக்குக் கவலையில்லை. இன்றைக்கு விடத்தல்தீவில் கூட்டம். சனம் இடம்பெயர்ந்தபோது மன்னாருக்குக் கொண்டுபோன மாதா சொரூபத்தை எந்த வானில் திருப்பிக் கொண்டுவருவது என்று கோயில் மூப்பர் சந்தியோகு முடிவு சொல்லப்போகிறார். போகும்போது உழவு இயந்திரத்தில் குலுங்கி மாதாவின் விரலொன்று உடைந்துவிட்டது. றொட்னியின் அம்மாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது அந்த மாதாவின் முன்னால்தான். தன் வானில்தான் மாதா வீடு திரும்பவேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்குக் கூட்டத்தில் நின்று கேட்கவேண்டும்.

காலையில் வான் தரிப்பிடத்துக்கு முன்பின் தெரியாத மாக்கிறட் அக்கா மூடிய கூடையோடு வந்து, விடத்தல்தீவுக்கு வாடகை ஓட்டம், ஒரு ஹயர், கேட்டபோது மாதாவே அனுப்பியதாகத்தான் நினைத்தான். கூடைக்குள் பூனை இருப்பது பிறகுதான் தெரிந்தது. வானைச் சுற்றி வண்ண லைற் பூட்டி, மாதாவுக்காகவே காத்திருந்த தோமஸ், கூடையைக் கண்டதும் கழுத்திலிருந்த பிளாஸ்டரைத் தடவியபடி தன் வானில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஆமைக்கும் பூனைக்கும் நல்ல பொருத்தமடா" என்று கண்ணாடிக்குள்ளால் சொல்லிவிட்டு, முந்திப் புறப்பட்டும் போய்விட்டான்.

றொட்னி கூடையை ஆசனத்தில் வைக்கவில்லை. சறுக்கி விழுந்துவிட்டால்? கீழே பழைய வலையை மடித்து விரித்து, கூடை அசையாமல் இரண்டு பக்கமும் சாக்கை அண்டைகொடுத்தான். வெளிச்சத்துக்கு மிரளும் என்று துவாயால் மூடினான். மூச்சு முட்டுமோ என்று பயந்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டான். சாப்பாடு கொடுத்ததா என்று கேட்டான். அக்கா இல்லையென்று தலையாட்டினா. அப்போ சத்தி, வாந்தி வராது என்று கொஞ்சம் ஆறுதல். றேடியோவையும் நிறுத்தினான்.

பாதி வழியில் கைபேசி அலறியது. கூடைக்குள் பூனையும் அலறியது. பேசியது கூட்டாளி துஷாந்தன்.

"டேய், கூட்டம் தொடங்கீட்டுது. தோமஸ் முன்வரிசையில நிக்கிறான்."

றொட்னி அக்காவிடம் திரும்பினான். "அக்கா, கொஞ்சம் மிதிக்கட்டே? பிந்தினா என்ர அலுவல் கெட்டுப்போம்."

"உங்கட வாகனம். உங்கட விருப்பம்" என்று அவ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா.

மிதித்தான். ஒரு குழியில் வான் எகிறியது. பூனை பச்சைப்பிள்ளைபோல வீரிட்டது. அவனுடைய கால் தானாகவே எழும்பியது.

பனை நிழலில் வானை நிறுத்தி, துவாயின் நுனியை விலக்கிப் பார்த்தான். பூனை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு கைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டான். மாதா வேறு யாரோடாவது வரட்டும். இந்தச் சீவன் இப்போது தன்னை நம்பியல்லவா இருக்கிறது.

மிச்ச வழி முழுக்கக் குழிக்குக் குழி வானை மெல்ல இறக்கி ஏற்றினான்.

கோயிலடிக்கு வந்தபோது கூட்டம் முடிந்து சனம் அங்கங்கே நின்று கதைத்துக்கொண்டிருந்தது. தோமஸ் தன் வானில் சாய்ந்து நின்றான். றொட்னி தலையைக் குனிந்தபடி கூடையை இறக்கிக்கொடுத்தான்.

மாக்கிறட் அக்கா அதை நேரே மூப்பரின் கதிரையடிக்குக் கொண்டுபோய் வைத்தா. மூப்பர் துவாயை விலக்கினார். பூனை சுருண்டு கிடந்து நித்திரை கொண்டது.

மூப்பர் எழுந்து றொட்னியிடம் வந்தார்.

"இந்தக் கிழமை முழுக்க என்ர தங்கச்சி இந்தப் பூனையோட எல்லாற்ற வானிலயும் ஏறி இறங்கீட்டாள் தம்பி. ஒருத்தன்ர வானில வழி நெடுகச் சத்தி. இன்னொருத்தன்ர வானில பாய்ஞ்சு அவன்ர கழுத்தைப் பிறாண்டினது."

தோமஸின் கை பிளாஸ்டருக்குப் போனது.

"உங்கட வான்தான் மிச்சமாயிருந்தது, அதான் கூட்டத்தில முடிவு சொல்லேல்ல. நாளைக்கு உங்கட வானைக் கழுவிப் பூ கட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் மூப்பர். "குலுங்கினா பூனை கத்தும். மாதா கத்தமாட்டா."