ஒரே ஒரு பூ

"ஒரு பூ. என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு பூ அடிச்சிக் காட்டு மாஸ்டர், ஆர்டர் உனக்குத்தான்" என்றார் சினிமா கம்பெனி மேனேஜர்.

மாஸ்டராம்!

எங்கள் தோல் கடையின் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் மாஸ்டர் என்று கூப்பிட்டது என் வீட்டுக்காரர் அலி அக்பரை. அவருக்குத் தோல் வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும், டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ரொம்ப நன்றாகத் தெரியும். தோலில் பூ அடிக்க மட்டும் தெரியாது.

அடிக்கிறவள் நான்.

என் அத்தா இதே ராயபுரத்தில் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் செய்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டேன். இப்போது சினிமாக் கதாநாயகர்கள் எல்லாம் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு குதிரை ஏறுகிறார்கள். அவர்கள் இடுப்பு பெல்ட்டில் பூ வேண்டும், துப்பாக்கி உறையிலும் பூ வேண்டும். உள்ளே இருப்பதோ பொம்மைத் துப்பாக்கி. அதற்கு இந்தச் சீர் செனத்தி!

ஆண்கள் வந்து போகும் கடையில் பெண்பிள்ளை உட்கார்ந்து சுத்தியல் பிடித்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். அதனால் வேலை திரைக்கு உள்ளே, பேர் திரைக்கு வெளியே.

நாலு மாதமாக நானும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். இதில் என்ன பெரிய வித்தை? தோலை நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஈரம் உள்ளே இறங்கி மேலே பழைய நிறம் திரும்பியதும் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். அப்போது பூ அச்சை நேராக நிறுத்தி, மரக் கொட்டாப்புளியால் ஒரே அடி. இரண்டாவது அடி கூடாது. அச்சு மயிரிழை நகர்ந்தாலும் பூ இரட்டையாகி நிழல் விழுந்துவிடும்.

அவர் அடித்ததில் ஒன்றுகூடப் பூவாக இல்லை. செருப்பால் அடித்த கரப்பான் பூச்சியே தேவலாம். உங்கள் கை சோறு பிசையத்தான் லாயக்கு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதற்கும் சிரித்தார், ரோஷம் கெட்ட மனுஷன். கொட்டாப்புளியை என்னிடம் நீட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நாலு மாதமும் அதே கதைதான். என் வலது மணிக்கட்டு வீங்கி, விளக்கெண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தது.

இந்த ஆர்டர் கிடைத்தால் தனிக்குடித்தனம். ஒன்பது பேர் நெருக்கியடிக்கும் மாமியார் வீட்டை விட்டுப் போய்விடலாம். தண்டையார்பேட்டையில் தண்ணீர்க் குழாயோடு ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தேன். அதற்காகத்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு, சினிமா கம்பெனிக்குக் காட்ட மாதிரி பெல்ட் அத்தனையும் அடித்தேன். கடைசியில் எல்லாம் இந்த உதவாக்கரை கையில் வந்து நிற்கிறது.

பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டு, அவர் அடிப்பதற்குள் காரியத்தைக் கெடுத்துவிடலாமா என்று யோசித்தேன்.

வெளியே ஈரத்துணி பிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் குடித்து முடித்தார். பரவாயில்லை, காத்திருக்கவாவது தெரிகிறதே என்று நினைத்தேன்.

தொப்.

காய்ந்த தோலில் அடித்தால் அடியிலிருக்கும் கல்லின் சத்தம் கேட்கும். பதமான தோலில் சத்தம் அடங்கி விழும். இது அடங்கி விழுந்தது. எனக்குக் கண்ணே தேவையில்லை.

அல்லா காப்பாற்றினான் என்று நெஞ்சில் கை வைத்தேன்.

தொப். தொப்.

மேனேஜர் கேட்டது ஒன்று. "சபாஷ், போதும் மாஸ்டர், போதும்" என்று அவர் சிரிக்கிற வரைக்கும் இவர் நிறுத்தவில்லை. இருநூறு பெல்ட், நூறு துப்பாக்கி உறை, நாற்பதே நாள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் கார் ஏறினார்.

என் வீட்டுக்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் ஏகப்பட்ட அப்பாவித்தனம்.

"ஏதோ குருட்டாம்போக்குல வந்துட்ச்சி ஜஹானாரா. எனக்கு எங்க இதெல்லாம் வருது? இருநூறையும் நீதான் அடிச்சிக் குடுக்கணும்."

அவர் கையிலிருந்த தோல்துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஏழு பூ. பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. எதிலும் நிழல் விழவில்லை. நான் அடித்த பெல்ட்டோடு சேர்த்து வைத்தால் என் அத்தாவாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

குருட்டாம்போக்கில் ஒரு பூ வரும். ஏழு வராது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாதமாக நான் திட்டத் திட்ட, இந்த மனுஷன் டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரித்திருக்கிறார். அவரைக் கையாலாகாதவர் என்று நம்பிய நான் எத்தனை பெரிய மக்கு என்று நினைத்தபோது உடம்பே கூசியது.

சற்று நேரம் கழித்து அவர் புது ஆர்டரின் முதல் பெல்ட்டை எடுத்துவந்து கல்மேல் விரித்தார். பதமாக நனைத்தே கொண்டுவந்திருந்தார். கொட்டாப்புளியை என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். அச்சை நிறுத்தி ஓர் அடி அடித்தேன். அச்சை ஓர் இழை தள்ளி வைத்து இன்னோர் அடி அடித்தேன்.

பூ கோணிக்கொண்டு இளித்தது.

"ஐயோ, கை வரவே மாட்டேங்குதுங்க" என்றேன். "இன்னா பண்லாம்?"

அவர் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கொட்டாப்புளியை அவர் மடியில் வைத்துவிட்டுத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். இருட்டுவதற்குள் தண்டையார்பேட்டைக்குப் போய் அந்த ரூமைப் பேசி முடிக்க வேண்டும்.