டொனேசன் காசோலை

வங்கி தன் பிழையை ஒத்துக்கொண்டபோது மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்யும் அருட்பிரகாசம், காலையில் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர். காசாளர், அவருக்கு மேலே உள்ளவர், அவருக்கும் மேலே உள்ளவர் என்று ஒவ்வொருவராகக் கடந்து, இப்போது முகாமையாளர் எமில்ராஜின் கண்ணாடி அறைக்குள் இருந்தார். சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டியிருந்தார்.

வழக்கு இதுதான். அவருடைய உழவு இயந்திரக் கடனின் மாதத் தவணையை வங்கி ஒரே நாளில் இருமுறை கழித்துவிட்டது. ஏன் என்பது கணினிக்கு மட்டும் தெரியும்.

கணக்கில் காசு குறைந்துபோன அந்த நேரம் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்த காசோலை ஒன்று வந்து சேர்ந்தது.

குறைகிற காசை மேலதிகப்பற்றாகக் கொடுப்போம் என்று வங்கி முதலில் பெருந்தன்மையாக முடிவெடுத்தது. அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கட்டணம் எடுத்தது. பிறகு மனம் மாறிக் காசோலையைத் திருப்பி அனுப்பியது. மனம் மாறியதற்கும் ஒரு கட்டணம் எடுத்தது.

கூடக் கழித்த தவணையைச் சில நாட்களில் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டார்கள். கட்டணங்களை மட்டும் போடவில்லை. இரண்டும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம்.

“அது சிஸ்டம் தானா எடுத்தது ஐயா” என்று காசாளர் பிள்ளை காலையில் சொல்லிப் பார்த்தாள்.

“அப்ப சிஸ்டத்தைக் கூப்பிடுங்கோ பிள்ளை, நான் அதோடை கதைக்கிறன்.”

அதைச் சொன்ன சத்தத்துக்கு வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எமில்ராஜ் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். பிழை தங்களுடையதுதான் என்று சொன்னார். சொன்ன கையோடு கொஞ்சம் தண்ணீர் குடித்தார். முகாமையாளர்களுக்கு அது பழகிய வசனமல்ல.

கட்டணங்கள் கணக்குக்குத் திரும்பின. அருட்பிரகாசம் கைத்தொலைபேசியில் வந்த குறுஞ்செய்தியை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு எழும்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எமில்ராஜுக்கு மனச்சாட்சி உண்டு. அலுவலக நேரத்தில் அது வெளியே வருவது குறைவு, அன்றைக்கு வந்துவிட்டது. திரும்பிய காசோலை யாருக்கு எழுதியது என்று கேட்டார்.

அருட்பிரகாசம் மறுபடி உட்கார்ந்தார். கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். உடுவிலில், மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டுக்கு, என்றார். டொனேசன் காசு.

டொனேசன் என்றால் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பதல்ல. பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம் வேறு. இது, மாப்பிள்ளையைப் பெற்று வளர்த்த சிரமத்துக்காகத் தாய் தகப்பன் கையில் தனியாக வைப்பது. சிரமத்தின் அளவை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

காசோலை திரும்பியதும் மாப்பிள்ளையின் தாய் மகாதேவி ஓட்டோ பிடித்து வந்தார். அருட்பிரகாசத்தின் வீட்டு வாசல் படலைக்கு வெளியிலேயே நின்றார். காசில்லாத கணக்குக்குச் செக் எழுதுகிற வீட்டில் தங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று அயலெல்லாம் கேட்கச் சொன்னார். காத்துநின்ற அதே ஓட்டோவில் திரும்பிப் போனார்.

பொங்கல் கழிய வைத்திருந்த கல்யாணம் அந்த இடத்தில் நின்றது. ஊர் அருட்பிரகாசத்துக்கு ‘செக் பிரகாசம்’ என்று பெயர் வைத்தது. தோட்டத்துக்குப் போடும் பசளையை இத்தனை காலமும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர், இப்போது கைக்காசு கேட்கிறாராம்.

எமில்ராஜ் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். ஒரு மனிதரின் மானமும் ஒரு பெண்ணின் கல்யாணமும் தன் வங்கியால் போயிருக்கின்றன.

அந்தப் பெண் துஷாந்தினி, வெளியே பணமெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தகப்பனை ஏற்றிவந்த ஸ்கூட்டியில் இருந்தாள். கண்ணாடிக்கூடாக அவள் முகம் தெரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

பிழை வங்கியுடையது என்று முத்திரை குத்திக் கடிதம் தருகிறேன் என்றார் எமில்ராஜ்.

வேண்டாம் என்றார் அருட்பிரகாசம்.

நானே உடுவிலுக்கு வந்து அந்த அம்மாவிடம் நேரில் சொல்கிறேன் என்றார் எமில்ராஜ்.

இந்த வெயிலுக்குள் உங்களுக்கு ஏன் வீண் அலைச்சல் என்றார் அருட்பிரகாசம்.

மானஸ்தன், கூச்சப்படுகிறார் என்று எமில்ராஜ் நினைத்தார். நல்ல காரியத்துக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? மகாதேவிக்கும் இதே கிளையில்தான் கணக்கு. கணினியில் இலக்கத்தைத் தேடி எடுத்தார். ஒரு நிமிடப் பேச்சு, கல்யாணம் மறுபடி நடக்கும் என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியைத் தூக்கி, இலக்கங்களை அழுத்தத் தொடங்கினார்.

அருட்பிரகாசத்தின் கை வந்து தொலைபேசியின் மேல் விழுந்தது. இணைப்பு அறுந்தது.

காலையிலிருந்து வங்கி முழுக்கக் கேட்ட குரல் இப்போது மேசையைத் தாண்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எடாதேங்கோ தம்பி. வாக்குக் குடுத்த நான் எந்த வாயாலை மாட்டன் எண்டு சொல்லுறது? அவளும் வாய் துறந்து ஒண்டும் சொல்லேல்லை. ஆனா இந்தக் கலியாணம் பேசினதுக்குப் பிறகு, செக் திரும்பின அண்டைக்குத்தான் என்ரை பிள்ளை இன்னும் கொஞ்சம் சோறு போடச்சொல்லிக் கேட்டவள்.”