சனிக்கிழமை கொடுத்த தந்தி

தந்திக்காரன் வந்தபோது தர்மன் லாட்ஜின் பின்கட்டுக் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தான். அதனால் லாட்ஜ் கணக்கர் காசிநாதன் தந்தியை அவன் மனைவி காந்தாவிடம் நீட்டினார்.

இங்கிலீஷ் தெரியாது என்றாள். அவரே படித்துச் சொன்னார்.

"ஒங்க மாமியார் சீரியஸ்ஸா இருக்குதாம்மா. ஒடனே பொறப்படச் சொல்றாங்க."

சொல்லிவிட்டு 'ச்சு' என்று நாக்கைத் தட்டினார்.

அந்த 'ச்சு' காந்தாவுக்குப் புரிந்தது. செத்துப்போனதாக யாரும் தந்தி அடிப்பதில்லை. வருகிறவன் வழியில் மயங்கி விழக் கூடாதே என்று சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள்.

அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. அன்று மாமியார் செல்லியம்மாள், அறுப்பு ஆட்களுக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் போ என்றாள். ஆக்கி வைத்துவிட்டுப் போனாள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"நானே பதமா சொல்லிக்கிறேன் சார். நீங்க அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். தந்தி நாலாய் மடிந்து ரவிக்கைக்குள் போயிற்று.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதன்முதலாக வெளியூர். ரைஸ்மில்லில் தர்மன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மூன்று நாள் லீவு. வீட்டில் லாட்ஜ் பேரைச் சொல்லிவிட்டு, நேற்று சாயங்காலம்தான் வந்து இறங்கினார்கள்.

போன உயிர் போனதுதான். அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது? சாவு என்று தந்தியில் இல்லாததால் தீட்டும் இல்லை. கோயிலுக்குப் போகலாம்.

போனார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டாள். மந்தாரை இலையில் மிளகு மணக்கும் இட்லியை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். பிள்ளையார்பாளையத்தில் தறியில் இருந்த அரக்குப் புடவையை விரலால் தடவிப் பார்த்தாள். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினாள். அடியே என்று கூப்பிட ஆள் இல்லாத தூக்கம்.

"இன்னாமே, இங்க வந்து ஒரு சுத்து பெருத்துட்டே?" என்று தர்மன் சீண்டினான்.

"ஊட்ல பெருக்க உட்டாத்தானே" என்று சிரித்தாள்.

ராத்திரி படுக்கையில் அவன், "அம்மா சாப்ட்டிருக்குமோ என்னமோ" என்றான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, பெட்டியைக் கட்டிய பிறகு தந்தியை எடுத்து நீட்டினாள்.

"இப்பதாங்க கணக்கர் குடுத்தாரு. மறந்துட்டாராம்."

தர்மன் எழுத்துக் கூட்டிப் படித்தான். தேதியைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து ஓடி, காசிநாதன் சட்டையைப் பிடித்தான்.

"வியாழக்கிழமைத் தந்தியை இன்னிக்குக் குடுக்கறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?"

காசிநாதன் காந்தாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். பெண்பிள்ளை வாழ்க்கை என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த வெயிலில் இரண்டு நாள் வைத்திருக்க மாட்டார்கள். நேற்றே எடுத்திருப்பார்கள். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே பிள்ளை அந்நேரம் கை நக்கி இட்லி தின்றுகொண்டிருந்தான். இனி மொட்டை போடாமல் எந்த முகத்தோடு ஊருக்குள் நுழைவது?

சர்வதீர்த்தக் குளக்கரையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "அப்பாவா, அம்மாவாப்பா?"

"அம்மா."

தலைமுடி போயிற்று. மீசையும் போயிற்று. முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு, அய்யர் சொல்லச் சொல்ல, செல்லியம்மாள் என்று பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான்.

ஆரணி பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

தெருமுனையிலேயே காந்தா கொண்டையை அவிழ்த்தாள். மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த அத்தே!" என்று ஆரம்பித்தாள். சாவு வீட்டுக்குப் போகிற மருமகள் அங்கிருந்துதான் அழ வேண்டும்.

பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தியும் கூட அழவில்லை. ஒருத்தியும் வந்து கட்டிக்கொள்ளவில்லை. தர்மனின் தலையையே பார்த்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து சித்தப்பா கலியன் ஓடி வந்தார். தர்மனைக் கண்டதும் நடு வாசலில் நின்றுவிட்டார்.

"அடப்பாவி... மூணு நாளா உன் பேரைச் சொல்லிக்கினு உசுர வச்சிக்கினு கெடக்குதேடா!"

உள்ளேயிருந்து செல்லியம்மாளின் குரல், நூல் மாதிரி வந்தது.

"எம்புள்ள வந்துட்டானா? வெளக்க கிட்டக் கொண்டாங்க. மொகத்தப் பாக்கணும்."

யாரோ விளக்கைத் தூண்டினார்கள்.