முதலில் ஏறிய பெட்டி

விமான நிலையத்தில் ஒரு தோல்பெட்டி காத்திருந்தது. அதன் கைப்பிடியில் 'முன்னுரிமை' என்று ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியதால், பக்கத்தில் கயிறு கட்டிக் கிடந்த அட்டைப்பெட்டியோடு பேசுவதையே அது கௌரவக் குறைவாக நினைத்தது.

விமானம் தாமதம் என்றார்கள். மறுபடியும் தாமதம் என்றார்கள். அட்டைப்பெட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, வழியில வேற விமானம் மாறணும். நாளைக்கு வளைகாப்பு. வளையல் எல்லாம் என்கிட்டதான் இருக்கு. அந்த விமானத்தைப் பிடிச்சிடுவோமா?"

"நான் பிடிப்பேன். உன்னைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்றது தோல்பெட்டி.

மாலையில் ஒருவழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். தோல்பெட்டி முண்டியடித்து முதலில் ஏறி, விமானத்தின் வயிற்றில் கடைக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டைப்பெட்டி எல்லாருக்கும் கடைசியாக ஏறிக் கதவோரம் ஒண்டிக்கொண்டது.

விமானம் இறங்கியதும், கதவோரம் இருந்ததை முதலில் எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு ஓடினார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த தோல்பெட்டி வெளியே வந்தபோது அந்த விமானம் கிளம்பிப் போயிருந்தது.

அதை ஒரு மூலை அறையில் தள்ளிப் பூட்டினார்கள். அங்கே தூசி படிந்து கிடந்த ஒரு பை, "உன்னையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டது.

"வாயை மூடு," என்றது தோல்பெட்டி. "அந்தக் கூட்டத்தோடு போக நான்தான் சம்மதிக்கவில்லை."